பஸ் இலைகள் எட்டு மணிக்கு

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டுப்பாட நோட்டில் இப்படி எழுதியிருந்தான்: "பஸ் இலைகள் எட்டு மணிக்கு." பாடத்தில் இருந்த வாக்கியம் 'த பஸ் லீவ்ஸ் அட் எய்ட்'. அப்பாவின் போனில் 'லீவ்ஸ்' என்று தட்டிப் பார்த்திருக்கிறான். இலைகள் என்று வந்திருக்கிறது. எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். திண்ணைக்குத் திண்ணை பீடி இலை கிடக்கும். அவனுக்கு எப்படிச் சந்தேகம் வரும்? மற்ற பிள்ளைகளிடம் கேட்டேன். "லீவுன்னா லீவுதான் டீச்சர், ஸ்கூல் கிடையாது" என்றார்கள். புறப்படுவது என்ற அர்த்தம் வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை.

2021 நவம்பரில் பள்ளி திறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. ஒன்றரை வருடம் பிள்ளைகளைப் பார்க்காமல் இருந்துவிட்டு வந்திருந்தோம். ஆறாம் வகுப்பில் படித்த சொற்கள் எல்லாம் கரைந்து போயிருந்தன. ஆனால் போனில் தேடுவது, படம் பார்ப்பது, வாய்ஸ் மெசேஜ் போடுவது எல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. சரி, ஆங்கிலச் சொல் கற்றுக்கொடுக்க அந்தப் போனையே பிடிப்போம் என்று தொடங்கினேன். அதற்குப் பின் வந்த வருடங்களில் செய்ததையும் சொதப்பியதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வருடம் முழுக்கச் சொதப்பல்தான். 'ஆயிரம் முக்கியச் சொற்கள்' என்று யாரோ தயாரித்து வைத்திருந்த தொகுப்பு ஒன்றை இறக்கி, போன் இருந்த எல்லாருக்கும் அனுப்பினேன். அதோடு புள்ளிகளும் பதக்கங்களும் தருகிற, விளையாட்டு மாதிரியான ஆப் ஒன்றையும் போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஒரு மாதத்தில் ஆயிரம் சொல் தொகுப்பை எல்லாரும் மறந்துவிட்டார்கள். விளையாட்டு ஆப் மட்டும் கொஞ்ச நாள் ஓடியது. ஒரு பையன் ஒரு நாள் விடாமல் மூன்று மாதம் அதில் இருந்தான். புள்ளியில் வகுப்பிலேயே அவன்தான் முதல். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒருநாள் அவனைக் கூப்பிட்டு, அந்த ஆப்பில் வந்த இருபது சொற்களைத் தாளில் எழுதிக் கொடுத்து வாக்கியம் எழுதச் சொன்னேன். நான்கு எழுதினான். மற்றவற்றுக்கு, "படத்தைப் பார்த்தா தொட்டுருவேன் டீச்சர், எழுதத் தெரியல" என்றான். நாலு படத்தில் ஒன்றைத் தொடுவதும் ஒன்றுமில்லாத தாளில் சொல்லை எடுத்து வைப்பதும் வேறு வேறு வேலை. இதை நான் முதல் வாரமே யோசித்திருக்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் நான் கேட்காமல் விட்டிருந்தேன். வீட்டில் போன் இருக்கிறதா என்று கேட்டபோது முக்கால்வாசிப் பேர் கை தூக்கினார்கள். அதை நம்பிவிட்டேன். அந்தப் போன் யார் கையில் இருக்கிறது, எத்தனை மணிக்குப் பிள்ளையின் கைக்கு வரும் என்று கேட்டபோதுதான் நிலைமை புரிந்தது. "அப்பா வேலை முடிஞ்சு வர ஒம்பது மணி ஆயிரும் டீச்சர், வந்து சாப்பிட்டப்புறம்தான் தருவாவ." "அண்ணன் வெச்சிருக்கான், தரவே மாட்டான்." "இருக்கு டீச்சர், ஆனா நெட் தீந்துட்டு." சொந்தமாகப் போன் வைத்திருந்த பிள்ளை ஒன்று கூட இல்லை. பள்ளிக்கு அவர்கள் போன் கொண்டுவரவும் கூடாது. ராத்திரி ஒன்பதரை மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், யாராவது பிடுங்கும் வரைக்கும் பத்து நிமிஷம். இதுதான் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்த நேரம். எந்த ஆப் நல்லது என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். நெட் இல்லாமல் ஓட வேண்டும், விளம்பரம் வரக் கூடாது, திறந்ததும் வேலை தொடங்க வேண்டும், பத்து நிமிஷத்தில் முடிய வேண்டும்.

அப்படித் தேடித்தான் அங்கி (Anki) என்ற ஆப் வந்தது. ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு மனப்பாடம் என்று பொருள். 2006இல் முதலில் வெளியான மென்பொருள். ஆண்ட்ராய்டு போனுக்கு அங்கிட்ராய்டு என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. ஐபோனில் காசு கட்ட வேண்டும், எங்கள் ஊரில் அந்தக் கவலை இல்லை. பார்க்க ஒரு அழகும் கிடையாது. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில், அவ்வளவுதான். பதிலைப் பார்த்தபின் 'அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி' என்ற நான்கில் ஒன்றை அமுக்க வேண்டும். தெரியாத கார்டு சில நிமிஷத்தில் திரும்ப வரும். தெரிந்தது நாளைக்கோ நாலு நாள் கழித்தோ வரும், அப்புறம் பத்து நாள், ஒரு மாதம் என்று இடைவெளி நீண்டுகொண்டே போகும்.

இதற்குப் பின்னால் பழைய ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறோம் என்று தன் மேலேயே சோதித்துப் பார்த்து 1885இல் எழுதினார். மறதி முதல் நாளிலேயே பெரிய வாயாக விழுங்கிவிடுகிறது, பின்னால்தான் மெதுவாகிறது என்பது அவர் கண்டது. பெற்றோர் கூட்டத்தில் எபிங்ஹாஸைச் சொல்லி யாருக்கும் விளங்காது. பிசான நெல்லுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிற மாதிரி என்றேன். எல்லா வயலுக்கும் தினமும் பாய்ச்ச முடியாது, வாடப்போகிற வயலுக்கு முதலில் மடையைத் திறக்கிறோம் இல்லையா, இந்த ஆப் அதைத்தான் செய்கிறது. வயல்காரர்கள் தலையாட்டினார்கள். ஒரு அம்மா மட்டும், "எங்க வீட்டுல இது தண்ணி பாய்ச்சுதேன்னு சொல்லிட்டு யூடியூபுல்லா பாக்கு" என்றார். அதுவும் நியாயமான புகார்தான். பத்து நிமிஷம் முடிந்ததும் போனை வாங்கிவிடுங்கள், என் பெயரைச் சொல்லியே வாங்குங்கள் என்றேன்.

செட்டிங்கில் ஒன்றை முதலிலேயே மாற்ற வேண்டும். ஒரு நாளைக்கு இருபது புதுக் கார்டு என்றுதான் வைத்திருப்பார்கள். இருபது கம்மிதானே என்று தோன்றும். இரண்டு மூன்று வாரத்தில் பழைய கார்டுகள் எல்லாம் திரும்பி வரத் தொடங்கும்போது, ஒரே ராத்திரியில் நூற்றைம்பது கார்டு வந்து நிற்கும். பத்து நிமிஷத்தில் எங்கே முடிப்பது? நான் ஐந்தாகக் குறைத்தேன். பரீட்சை வந்தால் பூஜ்யம், பழையதை மட்டும் பார்த்தால் போதும். ஒரே போனில் அண்ணன் தங்கை இரண்டு பேர் படித்தால் ஆளுக்கொரு டெக், அதாவது கார்டுக் கட்டு, என்று தனியாகப் பிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் தங்கையின் கார்டுக்கெல்லாம் அண்ணன் 'ஈஸி' போட்டுவிட்டுப் போவான்.

'ஈஸி' என்பதே பெரிய தொல்லை. சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அதையே அமுக்கினார்கள். அந்தக் கார்டுகள் எங்கோ போய் ஒளிந்துகொண்டன. பிறகு ஒரு விதி போட்டேன்: இரண்டே பொத்தான்தான், தெரியவில்லையென்றால் 'அகெய்ன்', தெரிந்தால் 'குட்'. பதிலை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கார்டைத் திருப்ப வேண்டும். மனசுக்குள் சொன்னால் செல்லாது. மனசுக்குள் எல்லாருக்கும் எல்லாம் தெரியும்!

அடுத்து, கார்டில் என்ன எழுதுவது. அதிக நேரம் செலவானதும் இதற்குத்தான், பலன் கிடைத்ததும் இதில்தான். பிறர் செய்த தொகுப்பை இறக்குவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பிள்ளையும் தன் கார்டைத் தானே செய்ய வேண்டும் என்று மாற்றினேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நோட்டில் எழுதுவார்கள், நான் திருத்துவேன், வீட்டுக்குப் போய் போனில் ஏற்றுவார்கள். சொல் மட்டும் எழுதினால் வாங்கமாட்டேன். வாக்கியம் வேண்டும், அதில் அந்தச் சொல் இருக்கிற இடம் கோடாக இருக்க வேண்டும். வாக்கியமும் சொந்த வாழ்க்கையிலிருந்து வர வேண்டும். 'லீவ்ஸ்' கார்டின் முன்பக்கத்தில் அந்தப் பையன் எழுதியது: "மை ஃபாதர் ____ ஹோம் அட் சிக்ஸ்." அப்பா ஆறு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புகிறார். பின்பக்கம் 'லீவ்ஸ்'. இலைக்குத் தனிக் கார்டு, விடுமுறைக்குத் தனிக் கார்டு. ஒரு கார்டில் ஓர் அர்த்தம்தான். இந்த ஒன்றை மட்டும் கடைப்பிடித்தாலே பாதி குழப்பம் தீரும்.

தனிச் சொல்லைவிட, சேர்ந்து வரும் இரண்டு சொல்தான் எங்கள் பிள்ளைகளுக்குத் தேவை என்பது மெல்லத்தான் புரிந்தது. நாம் டீ சாப்பிடுகிறோம், அவர்கள் 'ஈட் டீ' என்று எழுதுகிறார்கள். லைட்டைப் போடுகிறோம், 'புட் த லைட்' என்கிறார்கள். 'ஈட்' தெரியும், 'டீ' தெரியும், 'புட்' தெரியும். எந்தச் சொல்லும் புதிதில்லை. ஆனால் எது எதோடு சேரும் என்பதுதான் ஒரு மொழியில் பழகிய காதுக்கும் பழகாத காதுக்கும் உள்ள வித்தியாசம். எனவே 'ஹேவ் டீ', 'டர்ன் ஆன் த லைட்' என்று ஜோடியாகவே கார்டு. 'பாரோ', 'லெண்ட்' இரண்டும் இதே வகைத் தொல்லைதான். நமக்கு இரண்டுமே கடன், வாங்குகிறோமா கொடுக்கிறோமா என்று பின்னால் சேர்த்துக்கொள்கிறோம். அவர்களுக்கு இரண்டு தனி வினைச்சொற்கள். பேனா கேட்டு வருகிற பிள்ளை வகுப்பில் சரியான சொல்லைச் சொன்னால்தான் பேனா கிடைக்கும் என்று ஒரு வாரம் வைத்தேன். அந்த ஒரு வாரம் ஆப்பைவிட நன்றாக வேலை செய்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

எந்தச் சொற்களை எடுப்பது என்பதற்கும் ஒரு வழி கிடைத்தது. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர். வங்காளப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பது பற்றி நிறைய யோசித்தவர். ஆங்கிலத்தில் அதிகம் பயன்படும் சொற்கள் சுமார் 2,000 கொண்ட பட்டியலை 1953இல் வெளியிட்டார். பழைய பட்டியல்தான், அதில் கம்ப்யூட்டரும் இல்லை மொபைலும் இல்லை. ஆனால் அதைப் புரட்டினால் ஒன்று தெரியும்: பெரிய பெரிய சொற்களைத் தேடி ஓடுவதற்கு முன், 'கெட்', 'டேக்', 'லீவ்', 'கீப்' மாதிரி சின்னச் சொற்கள் ஒவ்வொன்றும் எத்தனை வேலை செய்கின்றன என்று பார்க்க வேண்டும். பெற்றோர்களுக்கு மட்டும் இது பிடிக்காது. அவர்களுக்குப் பிள்ளை வாயில் நுழையாத சொல்லைச் சொல்ல வேண்டும்.

படங்கள் விஷயத்தில் ஆப்போடு வரும் படங்களை விட்டுவிட்டோம். பனிக்கட்டி மூடிய வீடும், செம்மறி ரோமத் தொப்பியும் எங்களுக்கு எதற்கு? 'மேட்' என்றால் பத்தமடைப் பாய், 'பாட்டர்' என்றால் காருகுறிச்சியில் சக்கரத்தின் முன் உட்கார்ந்திருக்கிறவர். போனில் எடுத்த படத்தை நேரடியாகக் கார்டில் ஒட்டலாம். ஒருநாள் அரியநாயகிபுரம் அணைக்கட்டை ஒருத்தி படம் எடுத்து வந்து, "இதுக்கு இங்கிலீஷ்ல என்ன டீச்சர்?" என்றாள். 'அனிகட்' என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அகராதியில் காட்டினேன். அணைக்கட்டு என்ற நம் சொல்தான் ஆங்கிலத்தில் அப்படி ஆனது. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனதும் சுருட்டு 'செரூட்' ஆனதும் அப்படித்தான் என்றதும் வகுப்பே எழுந்து நின்றது. தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். எட்டையும் சொல்லி 'அனிகட், அனிகட்' என்று ஒரு வாரம் கத்திக்கொண்டு திரிந்தார்கள். பரீட்சைக்கு ஒரு மார்க்குக்கும் உதவாத சொல். ஆனால் அதுவரை வாயே திறக்காத இரண்டு பிள்ளைகள் அன்றிலிருந்து பேச ஆரம்பித்தார்கள். ஆங்கிலம் நமக்கும் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறது என்று தெரிந்த தைரியமாக இருக்கலாம்.

உச்சரிப்புக்கு, போனில் எழுத்தைப் படித்துக் காட்டும் வசதியை 'இங்கிலீஷ் - இந்தியா' என்று மாற்றி வைத்தேன். வெளிநாட்டுக் குரல் வேகமாக ஓடுகிறது, பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள். முதலில் காது பழகட்டும், அந்தக் குரலை ஒன்பதாம் வகுப்பில் கேட்டுக்கொள்ளலாம்.

போனே இல்லாத பிள்ளைகளை என்ன செய்வது என்பது நெடுநாள் உறுத்தல். வகுப்புக்குப் பிளிக்கர்ஸ் என்ற ஆப் உதவியது. அதில் ஆசிரியர் கையில் ஒரு போன் இருந்தால் போதும். பிள்ளைகள் கையில் கோலம் மாதிரிக் கட்டம் அச்சிட்ட அட்டை, ஆளுக்கொன்று. அட்டையை எந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்கிறார்களோ அதுதான் பதில், நான்கு பக்கத்துக்கு நான்கு விடை. நான் போன் கேமராவை வகுப்பின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினால் யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். பக்கத்து அட்டையைப் பார்த்துக் காப்பி அடிக்க முடியாது, ஒவ்வொன்றும் வேறு மாதிரி. ஜெராக்ஸ் எடுத்து அட்டையில் ஒட்டினேன், செலவு அவ்வளவுதான்.

வீட்டுக்குத் தீப்பெட்டி. லெய்ட்னர் என்ற பத்திரிகையாளர் 1970களில் பிரபலப்படுத்திய முறை இது, அங்கி செய்வதன் காகித வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து பெட்டி. தெரிந்த அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தெரியாதது முதல் பெட்டிக்கே திரும்பும். முதல் பெட்டியைத் தினமும் பார்க்க வேண்டும், ஐந்தாவதை மாதம் ஒருமுறை. அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கத்தை வெட்டினோம். தீப்பெட்டிப் பிள்ளைகளுக்கும் போன் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் இருந்ததா என்று கேட்பீர்கள். விடாமல் செய்தவர்களுக்குள் என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விடாமல் செய்ய வைப்பதுதான் தீப்பெட்டியில் கஷ்டம், பெட்டி தானாக ஞாபகப்படுத்தாது.

காகிதத்தின் அருமை 2023 டிசம்பர் 17, 18 மழையில் தெரிந்தது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. பல இடங்களில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. ஆற்றங்கரைத் தெருவில் ஒரு பிள்ளையின் வீட்டில் இடுப்பளவு தண்ணீர், போன் போய்விட்டது, அதோடு அவள் செய்த இருநூறு சொச்சம் கார்டுகளும். அங்கியில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்கி அவ்வப்போது சிங்க் செய்தால் கார்டுகள் வெளியே பத்திரமாக இருக்கும். எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. நெட் செலவாகுமே என்று தள்ளிப்போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை நோட்டு என் பீரோவில் இருந்ததால் பாதிக்கு மேல் திரும்ப எழுத முடிந்தது. இப்போது மாதம் ஒருமுறை, நானே ஹாட்ஸ்பாட் போட்டு, பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்களின் போன்களைச் சிங்க் செய்து அனுப்புகிறேன்.

நான் திட்டமிடாமலே நடந்தது ஒன்று உண்டு. நெட்டும் நேரமும் இல்லாத வீடுகளுக்காக, வாரத்தின் சொற்களை என் குரலிலேயே பதிந்து வாட்ஸ்அப்பில் போட்டேன். முதலில் தமிழில் ஒரு நிலைமையைச் சொல்வேன், ஐந்து விநாடி சும்மா இருப்பேன், அப்புறம் ஆங்கிலம். அந்த ஐந்து விநாடிதான் முக்கியம். அதில் கேட்கிறவர் பதிலைத் தேட வேண்டும். பீடி சுற்றுகிற பெண்களுக்குக் கை ஓயாது. மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும், கண் இலையில். காது மட்டும் சும்மா இருக்கும். சாயங்காலம் மகளுக்காகப் போட்ட ஆடியோவை அம்மாவும் பாட்டியும் பக்கத்து வீட்டுக்காரியும் கேட்டிருக்கிறார்கள். ஒருநாள் அந்தத் தெரு வழியாக வந்தேன். திண்ணையில் என் குரல், "அவனிடம் பேனாவைக் கடன் வாங்கினேன்" என்றது. ஐந்து விநாடி முடிவதற்குள் அம்மா தலை நிமிராமலே, "பாரோ" என்றார். மகள், "நீ சும்மா இரும்மா, எனக்குத்தான் டீச்சர் கேக்காவ" என்று சண்டைக்குப் போனாள்.

இத்தனையும் செய்து என்ன ஆயிற்று என்றால், படித்துப் புரிந்துகொள்வதில் நல்ல மாற்றம் தெரிகிறது. பாடத்துக்கு வெளியே ஒரு பத்தி கொடுத்தால் முன்பு போல் பேனாவைக் கீழே வைத்துவிடுவதில்லை. பேச்சில் அவ்வளவு இல்லை. கார்டில் சரியாகச் சொல்கிற பிள்ளை, ஹெட்மாஸ்டர் கேட்டால் இன்னும் 'எஸ் சார்' என்பதோடு நின்றுவிடுகிறது. பேச வைக்க ஆள் வேண்டும், அதற்கு ஆப் இல்லை. எழுத்துப் பிழையும் குறையவில்லை. அதற்கு வாரம் ஒரு டிக்டேஷன் பழையபடி நடக்கிறது.

இன்னும் தீராத சிக்கல் கோடை லீவு. ஏப்ரலில் பள்ளி மூடினால் திசையன்விளை, வள்ளியூர் என்று ஆச்சி வீட்டுக்குப் போய்விடுவார்கள், அப்பாவின் போன் இங்கேயே இருக்கும். ஜூனில் திறந்தால் நானூறு கார்டு காத்திருக்கும். போன வருடம் ஒரு பையன் அதைப் பார்த்து மிரண்டு ஆப்பையே அழித்துவிட்டான். இந்த வருடம் லீவு விடும் அன்றே, ஒரு நாளைக்கு இருபதுக்கு மேல் பழைய கார்டு காட்டாதபடி எல்லாருக்கும் செட்டிங் மாற்றிக் கொடுத்தேன். நானூறு அங்கேயேதான் இருக்கும், ஆனால் கண்ணுக்கு இருபதுதான் தெரியும். அந்தப் பையனிடமும் சொன்னேன். "எனக்குத் தீப்பெட்டியே போதும் டீச்சர், ஆச்சி வீட்டுக்கும் கொண்டு போலாம்லா" என்றான். ஐந்து பெட்டியையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக் கொடுத்தேன்.